முப்பத்தேழு நாள் தள்ளி

குளிர்காலத்தில் எங்கள் நாட்டுக்கு
இரண்டு கடிகாரம்.
சாந்தியாகோவில் ஒன்பது அடிக்கும்போது
இங்கே புந்தா அரேனாஸில் பத்து.
வகுப்பு அவர்கள் நேரத்துக்கு,
தூக்கம் எங்கள் நேரத்துக்கு.

உயிர்மருத்துவத் தகவலியல்.
விடுப்புக் கேட்கப் போனபோது
சம்பளப் பிரிவில் இரண்டு முறை
எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.
விடுப்பு இல்லை என்றார்கள்.

ஆகவே நான்காம் மாடி, துணி அறை.
சலவைப் போர்வைகளின் சூடு ஆறியிருக்காது.
ஒரு காதில் பேராசிரியர் லெத்தெலியேர்,
மறு காது வார்டுக்கு.
"ஏழாம் படுக்கை கூப்பிட்டால் மட்டும் வா, நெலிதா,
மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்"
என்பான் பர்ரியா.
ஏழாம் படுக்கை எப்போதும் கூப்பிடும்,
யார் படுத்திருந்தாலும்.

திரையில் பதினெட்டுக் கறுப்புக் கட்டங்கள்.
வடகோடி அரிக்காவில் ஒரு மருந்தாளுநர்,
மழையையே மறந்த ஊராம் அவருடையது.
சில்லானில் ஒரு பல் மருத்துவர்,
மடியில் குழந்தை; ஒலியை அணைக்க மறந்துவிடுவார்.
தரவுத்தளப் பாடம் முழுவதையும்
அந்தக் குழந்தையின் இருமலோடுதான் கற்றேன்.

காற்று மிஞ்சினால் எங்கள் தெருக்களில்
பிடித்து நடக்கக் கயிறு கட்டுவார்கள்.
இணையத்துக்கு அப்படிக் கயிறு இல்லை.
பாதிச் சொல்லில் உறைந்து நிற்பார் பேராசிரியர்
வாய் திறந்தபடி,
மயக்க மருந்து ஏறுகிறவர் போல.

தவணை இருபது. கட்டியது பதினொன்று.

இறுதித் திட்டத்துக்கு
"உங்கள் பணியிடத் தரவையே எடுங்கள்.
வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு
இருக்கிற ஒரே சலுகை" என்றார்.
நெறிமுறைக் குழு கையெழுத்திட்டது.
நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு பேர் வந்தார்கள்
பெயர் உரித்து, ஊர் உரித்து,
ஒவ்வொருவர் தேதியும் ஒவ்வோர் அளவுக்கு நகர்த்தி.

வரிசை எண் 2908.
ஆண். அறுபத்து நாலு.
செவிலியர் குறிப்பு:
படகு தெரிகிற பக்கம் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னார். வைத்தேன்.

அந்த 'வைத்தேன்' என்னுடையது.
ஒற்றைச் சொல்லுக்கு முற்றுப்புள்ளி வைக்கிறவள்
இந்த வார்டில் நான் ஒருத்திதான்.

நீரிணைக்கு அக்கரை, போர்வெனீர்காரர்.
வருங்காலம் என்று அர்த்தம் அந்த ஊர்ப்பெயருக்கு.
அட்டவணையில் அது 'பகுதி 3'.
ஆட்டுக்கு மயிர் கத்தரித்துக் கத்தரித்துக்
கம்பளிப் பிசுக்கில் ஊறிய கைகள்,
ஊசி குத்தத் தயங்கும் அளவுக்கு மெத்து.

அவர் இறந்தது ஜூன் இருபத்தொன்று,
எங்கள் ஆண்டின் மிக நீண்ட இரவு.
கண்களை மூடியவள் நான்.
திரையில் ஜூலை இருபத்தெட்டு.

முப்பத்தேழு நாள்!
ஒரு நொடி, சொன்னால் என்ன,
சந்தோஷப்பட்டேன்.
முப்பத்தேழு நாளில் எத்தனை படகு.

அப்புறம் அனுமதித்த தேதியைப் பார்த்தேன்.
அதுவும் முப்பத்தேழு தள்ளி.
கழித்தேன்.
அங்கே ஆறு நாள். இங்கேயும் ஆறு.
தேதியை நகர்த்தலாம்,
இடைவெளியைத் தொடக்கூடாது.
மூன்றாம் வாரப் பாடம் இது.
நான் நூற்றுக்கு நூறு வாங்கியது.

விதிப்படி ஒரு படிவம் உண்டு.
குறிப்பு நெடுவரிசையில் ஆள் தெரிகிறார், நீக்குக
என்று நிரப்பினேன்.
'யாரால் அடையாளம் காண முடியும்?' என்ற கட்டத்தில்
என்னால் என்று எழுதினேன்.
முற்றுப்புள்ளி வைத்தேன்.

பிறகு நாலாயிரம் குறிப்புகளையும்
ஒரே கட்டளையில் அழித்தேன்.
படகும் போயிற்று.

கெடு அவர்களுக்கு நள்ளிரவு.
எங்கள் கடிகாரம் நாளைக்குள்
ஐம்பத்திரண்டு நிமிடம் போயிருந்தது.
வந்த ரசீதில் நேற்றைய தேதி.

மணி அடிக்கிறது.
ஏழுதான்.
போகிற வழியில் ஒரு போர்வை எடுத்துக்கொண்டேன்,
சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து.